பாழடைந்த பழைய கடை கையில் இருக்கிறது: முழுதாய்ச் செய்வதா, முகப்பை மட்டும் வைப்பதா, கூரையோடு நிறுத்துவதா?

கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர், ஏறாவூரில் ஒரு குழு, திருக்கோவிலிலிருந்து இன்னொரு குழு. கேட்ட கேள்வி ஒன்றேதான். சந்தியில் பழைய கடை ஒன்று கிடக்கிறது, உரிமைக்காரர் கனடாவில், "நீங்க ஏதாவது செய்யுங்க பிள்ளையள்" என்று போனில் சொல்லிவிட்டார், சனி ஞாயிறில் பத்துப் பதினைந்து பேர் வரத் தயார், கையில் கொஞ்சம் காசு. இப்போது எங்கே கை வைப்பது? ஒருவர் முழுதாகப் பழைய மாதிரியே செய்வோம் என்கிறார், இன்னொருவர் முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் கொங்கிறீட்டில் எழுப்புவோம் என்கிறார், மூன்றாமவர் கூரையை மட்டும் சரிசெய்து ஓர் அறையைத் திறப்போம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்கிறார். வட்சப் குழுவில் இதே வாக்குவாதம் இரண்டு மாதமாய் ஓடுகிறது, அதற்குள் இன்னொரு மாரி வந்துவிடும்.

நானும் இரண்டு கடைகளில் வேலை செய்திருக்கிறேன். ஒன்று நன்றாக வந்தது, ஒன்றில் பெரிய பிழை விட்டோம். இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடைகளை ஏன் விடக்கூடாது என்று ஒரு வார்த்தை. புகையிரதம் 1928-இல் மட்டக்களப்புக்கு வந்தது. அதற்கு முன்னும் அதற்குப் பின் நெடுநாளும் தெற்கே எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) ஊர்களுக்குச் சரக்கு மட்டக்களப்பு வாவியால்தான் வந்தது. மேற்குக் கரையான படுவான்கரையின் நெல்லும் தயிரும் வள்ளத்தில் இந்தப் பக்கம் வந்து இறங்கும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறிப் போனவர்களுக்கு அந்த உலகம் கொஞ்சம் விளங்கும். அந்த நெல்லை அளந்து வாங்கி, சீலையும் மண்ணெண்ணெயும் கொடுத்த இடங்கள் இவை. முன்னால் விறாந்தை, நடுவில் உயர்ந்த கூரையுள்ள கடை, பின்னால் சரக்கறை. இப்படிக் கட்டப்பட்டவை இப்போது ஓர் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் நிற்கின்றன.

## எதை வைத்து அளப்பது

எல்லாரும் முதலில் காசைக் கேட்கிறார்கள். காசு கீழே உள்ள ஐந்துக்கும் பின்னால்தான்.

முதலாவது குத்தகை எழுத்து. உரிமைக்காரர் "செய்யுங்க" என்றது போதாது. பெரும்பாலும் காணி உறுதி தகப்பனின் பெயரில் இருக்கும், பிள்ளைகள் ஐந்து பேர், இரண்டு பேர் இங்கே, மூன்று பேர் வெளிநாட்டில். வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் எழுதி இங்கே ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுதாவிட்டால் இலங்கைச் சட்டத்தில் அது நிற்காது. நீங்கள் இரண்டு வருஷம் பாடுபட்டு முடித்தபின் அதை யாரோ ஒருவர் போன் கடைக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டால் கேட்க வழியில்லை. குறைந்தது ஐந்து வருஷத்துக்காவது எழுதி வாங்குங்கள். அதோடு பிரதேச சபையில் சோலை வரி நிலுவையையும் மின்சார நிலுவையையும் பாருங்கள், இரண்டும் சேர்ந்து உங்கள் கூரைக் காசை விழுங்கலாம். கட்டடம் 1815-க்கு முந்தியது என்று சந்தேகம் இருந்தால் 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும், தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்காமல் ஓர் ஆணியும் அடிக்கக்கூடாது. நம்முடைய கடைகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை, ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது மழை. நமக்கு வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டிவிடும். சித்திரை வருஷப்பிறப்பு முடிந்ததிலிருந்து புரட்டாசி வரைதான் கூரையைத் திறந்து வைக்கக்கூடிய காலம். அதிலும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஆள் வராது, சிறுபோக அறுவடைக்கு மேசன்மார் போய்விடுவார்கள். காகிதத்தில் ஐந்து மாதம் இருக்கும், கையில் பதினைந்து சனி ஞாயிறு மிஞ்சும்.

மூன்றாவது ஆள். இன்று பதினைந்து பேர், ஆறு மாதத்தில் நான்கு பேர் கம்பஸுக்குப் போவார்கள், மூன்று பேர் கட்டாருக்கு. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாழ்க்கை அப்படித்தான். ஆகவே எட்டுப் பேர் மட்டும் மிஞ்சினாலும் முடிக்கக்கூடிய வேலையாக இருக்க வேண்டும்.

நான்காவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: பிழை விட்டால் திருத்த முடியுமா? பிழையாகப் பூசிய சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்கலாம். இடித்த சுவர் இடித்ததுதான்.

கடைசியாக, வேலை முடிந்த மறுநாள் காலையில் கதவை யார் திறப்பார்? ஆள் புழங்காத கட்டடத்தைக் கறையான் எடுத்துக்கொள்ளும்.

## வழி ஒன்று: முழுதாக, பழைய முறையில்

சுண்ணாம்புச் சாந்து, மரக் கூரை, ஓடு, பலகைக் கதவு, எல்லாம் இருந்தபடி. மனதுக்கு மிகவும் பிடித்த வழி, பொறுமை கூடுதலாய் வேண்டிய வழியும் இதுதான்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அது மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கச்சான் காற்றில் வெளியே விடும். அப்படித்தான் இத்தனை வருஷம் நின்றது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியே வர வழியின்றிச் சுவருக்குள்ளேயே மேலே ஏறும், ஏறும்போது உப்பையும் கொண்டுபோகும், காய்கிற இடத்தில் உப்பு மணியாகி செங்கல்லைத் தின்னும். கடலோர ஊர்களில், அதிலும் 2004 சுனாமித் தண்ணீர் நின்ற சுவர்களில், உப்பு நிறைய இருக்கிறது.

எங்கள் முதல் கடையில் நடந்தது இதுதான். ஒரு ஒப்பந்தக்காரர், "அடியில மூன்றடிக்குச் சீமெந்து போட்டா ஐம்பது வருஷம் அசையாது" என்றார், நாங்களும் தலையாட்டினோம். ஒரு மாரி போனது. தை மாதம் போய்ப் பார்த்தால் நான்கடி உயரத்தில், சீமெந்துக்கு மேலே, புதிதாக ஈரக்கோடு. சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு துண்டுப் பூச்சு நிலத்தில் கிடந்தது. அது விழுந்த இடத்தில் விரலை வைத்தேன், செங்கல் குரக்கன் மா மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. அதைக் கொத்தி எடுக்க இன்னும் ஆறு வாரம் போனது, கொத்தும்போது நல்ல செங்கல்லும் சேர்ந்து உடைந்தது.

சுண்ணாம்பில் வேலை எப்படியென்றால், நீற்றி வைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு உப்பில்லாத மணல் மூன்று பங்கு. வாவி மணலும் கடல் மணலும் வேண்டாம். ஆற்று மணல் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும், அதில்லாமல் மலிவாய்த் தருகிறேன் என்பவரிடம் வாங்கி உழவு இயந்திரத்தோடு பொலிசில் நிற்காதீர்கள். ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீற்றர் அளவுக்கு மேல் பூசக்கூடாது, அது இறுகியபின்தான் அடுத்த பூச்சு. கச்சான் அடிக்கும்போது பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும், ஆகவே ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு நிழல் பண்ண வேண்டும். சுவரையும் முதலே நனைக்க வேண்டும். எங்களோடு நின்ற வயதான மேசன் ஒருவர் ஒவ்வொரு நாளும் சொல்லுவார்: "மனே, சீமெந்த நீ அவசரப்படுத்தலாம். சுண்ணாம்பு உன்ன அவசரப்படுத்தாது."

நீற்றாத சுண்ணாம்பில் பிள்ளைகளைக் கவனமாக வையுங்கள். சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் பீப்பாவில் நீற்றாதீர்கள், அந்தச் சூட்டுக்கு அது இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒருவரையும் கிட்ட விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி ஆசுபத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். முந்தி கல்குடாப் பக்கம் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் எடுத்தார்கள். கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டவிரோதம், அதுவும் சரியான சட்டம்தான், முருகைக்கல் போனால் கரையும் போகும். மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு கிடைக்கிறது, அது நீறுவதற்குக் கூடுதல் நாள் எடுக்கும், கிழமைக்கணக்கில் ஊறவிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: சாரம் வாடகை, ஒவ்வொரு வார இறுதியும் இருபது பேருக்குத் தேத்தண்ணியும் மத்தியானச் சோறும், முதிரை மரத்துக்கும் பாலை மரத்துக்கும் இன்று விற்கும் விலை, மரம் ஏற்ற அனுமதி, பழைய கூரை மரம் தெரிந்த ஓடாவியாரின் (தச்சரின்) நாட்கூலி. இந்தக் கூலியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அவரோடு நிற்கும் இரண்டு பிள்ளைகள் வேலை பழகினால் அந்தக் காசு வீண்போகாது.

ஆனால் இந்த வழியில் கிடைப்பது வேறெதிலும் கிடைக்காது. இரண்டாவது கடையில் ஐந்து தட்டு டிஸ்டெம்பரைச் சுரண்டியபோது கல்லாவுக்குப் பின்சுவரில் பென்சில் எழுத்துத் தெரிந்தது. நெல் மூட்டைக் கணக்கு, கடன் வாங்கியவர்களின் முதலெழுத்து, கொடுத்து முடித்ததற்கு ஒரு குறுக்குக் கோடு. ஒரு வரியில் குறுக்குக் கோடு இல்லை. பிள்ளைகள் எல்லாரும் சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்கள். சீமெந்து பூசுவதற்கு முதலில் சுவரைக் கொத்துவார்கள், அந்த எழுத்து எல்லாம் அதோடு போயிருக்கும்.

சுவர் நேராக நிற்கிறது, குத்தகை எழுத்து கையில் இருக்கிறது, மூன்று வருஷம் தொடர்ந்து நிற்கக்கூடிய ஐந்து பேராவது இருக்கிறார்கள் என்றால் இந்த வழி.

## வழி இரண்டு: முகப்பு மட்டும், பின்னால் புதிது

வெளியிலிருந்து பார்த்தால் விறாந்தையும் தூணும் பலகைக் கதவும் அப்படியே, உள்ளே கொங்கிறீட் தட்டும் ஓடு பதித்த தரையும். ஊராருக்கு இது நன்றாகப் பிடிக்கும், காசு கொடுப்பவர்களுக்கும் பிடிக்கும், ஒரு வருஷத்தில் நாடா வெட்டலாம்.

எனக்கு இது பிடிக்காது, காரணம் அழகு மட்டும் அல்ல. பழைய சுவரின் அத்திவாரம் ஆழமில்லை. அதற்குப் பக்கத்தில் புதுத் தூணுக்குக் குழி வெட்டினால் பழைய சுவருக்கு அடியிலிருந்து மண் சரியும். புதுக் கட்டடம் ஒரு மாதிரி இறங்கும், பழையது இன்னொரு மாதிரி நிற்கும், இரண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு விழும், வெடிப்பால் மழை இறங்கும். இதைத் தடுக்கப் பொறியியலாளரின் வரைபடம் வேண்டும், முகப்பைத் தாங்கிப் பிடிக்க முட்டுச்சாரம் வேண்டும். தொண்டர்கள் செய்யக்கூடிய வேலையே இல்லை இது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், ஒப்பந்தக்காரர் செய்வார்.

பெரிய மறைசெலவு வீதி எல்லை. பழைய கடைகளின் விறாந்தை வீதிக்கு ஒட்டியே நிற்கும். புதிதாகக் கட்ட அனுமதி கேட்டால் வீதியிலிருந்து இவ்வளவு தூரம் விலக வேண்டும் என்ற கணக்கு வரும். வேலையின் நடுவில் விறாந்தை விழுந்தாலோ, யாராவது "இதையும் புதுசா கட்டுவோம்" என்று இடித்தாலோ, அதே இடத்தில் மறுபடி எழுப்ப முடியாமல் போகலாம். முகப்பைக் காப்பாற்றப் போய் முகப்பையே இழப்பது இப்படித்தான். ஒரு கல்லை அசைக்கும் முன் பிரதேச சபையில் வீதி எல்லையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பின்பக்கம் ஏற்கனவே விழுந்து வெறும் நிலமாகக் கிடந்தால் கதை வேறு. இல்லாத ஒன்றுக்குப் பழைய வேடம் போட வேண்டியதில்லை, பழைய சுவரிலிருந்து சில அடி தள்ளித் தனியாகச் சின்னதாய்க் கட்டுங்கள். கழிப்பறைக்கும் குசினிக்கும் எப்படியும் ஓர் இடம் வேண்டுமே.

## வழி மூன்று: கூரையும் ஓர் அறையும்

முதல் வருஷம் தண்ணீர் உள்ளே வராமல் பண்ணுவது, முன்னறை ஒன்றைத் துப்புரவாக்கித் திறப்பது, மற்றதைத் தாங்கு கொடுத்து நிறுத்தி வைப்பது. படத்துக்கு அழகாய் இருக்காது. பின்சுவரில் பாசி அப்படியே இருக்கும், ஊரார் "என்ன, அரைகுறையில விட்டிட்டீங்க" என்பார்கள்.

ஆனாலும் கட்டடத்தைக் கொல்வது தண்ணீர்தான். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் நாங்கள் வேலை செய்த இரண்டாவது கடையின் ஓடு பாதி பறந்ததாம், அந்தப் பாதிக்குக் கூரைச் சீற் போட்டார்கள், மீதிப் பாதி ஓடாகவே இருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தால் வருஷக்கணக்காக ஒழுகி, அதற்கு நேர் கீழே இருந்த வளை மரம் மட்டும் உள்ளே கோறையாகிவிட்டது. மேலே பெயின்ட் நன்றாக இருந்தது. ஓடாவியார் உளியின் பின்பக்கத்தால் தட்டினார், மற்ற வளைகள் "டங்" என்றன, இது தேங்காய்ச் சிரட்டை மாதிரிச் சத்தம் போட்டது. ஆகவே கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல் ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பாருங்கள்.

மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 போகும், ஒவ்வோர் ஓடும் இரண்டு, இரண்டரைக் கிலோ. எழுநூறு சதுர அடிக் கூரை என்றால் ஆயிரம் ஓட்டுக்கு மேல், இரண்டு தொன்னுக்கு மேல் பாரம். ஆள்பலம் உள்ள குழுவுக்கு ஏற்ற வேலை இதுதான்: வரிசையாக நின்று கைமாற்றி இறக்கி, தும்புத்தடியால் தட்டி, வெடித்ததை ஒதுக்கி, நல்லதை நிமிர்த்தி அடுக்கலாம். ஓட்டின் அடியில் ஆலையின் பெயர் இருக்கும், 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையைப் பார்த்துப் பின்னால் எத்தனையோ ஆலைகள் வந்தன. பெயரைப் பார்த்துப் பிரித்து வையுங்கள், வேறு வேறு ஆலை ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டாமல் ஒழுகும்.

மறைசெலவு இங்கும் உண்டு. கீழே இறக்கிய ஓட்டுக்கும் மரத்துக்கும் காவல் வேண்டும், பழைய முதிரைப் பலகைக்குக் கண் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கூரை திறந்திருக்கும் நாட்களுக்குப் பெரிய படங்கு. அப்புறம், பாதியில் நின்ற குழுவின் மனச்சோர்வு. அதைக் காசால் அளக்க முடியாது, ஆனால் பல குழுக்கள் கலைந்தது அதில்தான். அதனால்தான் அந்த ஓர் அறை. அதில் பின்னேர வகுப்போ, பழைய படங்களோ, ஒரு தேத்தண்ணிக் கடையோ, ஏதாவது ஒன்று முதல் வருஷமே நடக்க வேண்டும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | முழுதாக | முகப்பு மட்டும் | கூரையும் ஓர் அறையும் |
|---|---|---|---|
| காலம் | மூன்று வருஷம், கூடவும் செய்யலாம் | ஒரு வருஷம் அளவில் | ஒரு கோடை |
| தொண்டர்களுக்கு வேலை | நிறைய, பழகவும் வேண்டும் | மிகக் குறைவு | நிறைய, சுலபம் |
| பிழையைத் திருத்தலாமா | பெரும்பாலும் ஆம் | இல்லை | ஆம் |
| பெரிய ஆபத்து | ஆள் குறைந்து நடுவில் நிற்பது | வீதி எல்லை, அத்திவாரம் | "போதும்" என்று அப்படியே விட்டுவிடுவது |
| குத்தகை எழுத்து இல்லாவிட்டால் | தொடவேண்டாம் | தொடவேண்டாம் | உரிமைக்காரர்களின் கடிதத்தோடு ஒழுக்கை மட்டும் அடைக்கலாம் |

கூரைக்கு ஓடா சீற்றா என்றும் கேட்கிறார்கள். காசு இல்லாவிட்டால் இரண்டு வருஷத்துக்குத் தகரம் போடுங்கள், வெக்கையாக இருக்கும், மழையில் சத்தம் போடும், ஆனால் கழற்றலாம். காற்றுக்கு நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் புதிதாகப் போடவே வேண்டாம். பழையது இருந்தால் பிள்ளைகளை ஏற்றி உடைக்க விடாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் வருத்தம் பல வருஷம் கழித்து வரும். தெரிந்த ஆட்களைக் கொண்டு நனைத்து, உடைக்காமல், முழுத்தகடாக இறக்க வேண்டும், துணி முகக்கவசம் அதற்குக் காணாது.

என் முடிவைக் கேட்டால், மூன்றாவது வழியில் தொடங்கி முதலாவதுக்குப் போங்கள். இரண்டும் எதிரெதிர் வழிகள் இல்லை, மூன்றாவது முதலாவதின் முதல் வருஷம்தான். இரண்டாவது வழியில் தொடங்கினால் முதலாவதுக்குத் திரும்பி வர முடியாது.

களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்குத் தனியாக: நீங்கள் அனுப்பிய படத்தில் பின்சுவர் நேராகத்தான் நிற்கிறது, கூரை முகட்டில் மட்டும் தொய்வு தெரிகிறது. அண்ணன்மார் சொல்லும் கொங்கிறீட் தட்டை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். சகோதரர்கள் ஐந்து பேரின் கையெழுத்து சித்திரைக்குள் வரட்டும். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே ஒருவரைப் பிடித்து முகட்டை ஒருதடவை பார்க்கச் சொல்லுங்கள், கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் கட்டடத்தை அளந்து வரையக் கேளுங்கள், கேட்டால் வருவார்கள். பலகைக் கதவைக் கழற்றும் முன் ஒவ்வொரு பலகையின் மேல்நுனியையும் துடைத்துப் பாருங்கள். எங்கள் கடையில் உளியால் க, உ, ங, ச என்று தமிழ் இலக்கம் வெட்டியிருந்தது, எந்தப் பலகை எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்பதற்கு. உங்களுடையதிலும் இருக்கலாம். இருந்தால் அந்த வரிசையிலேயே அடுக்கி, படம் எடுத்து, முன்னறைக்குள் வைத்துப் பூட்டுங்கள்.